மலச்சிக்கல்: எங்கே தடைபடுகிறது என்று பார்த்துவிட்டு வைத்தியத்தைத் தொடங்குங்கள்

கேள்வி இது: "பழம், காய்கறி எல்லாம் சாப்பிடுகிறேன். தண்ணீரும் நிறையக் குடிக்கிறேன். அப்படியும் வாரத்துக்கு இரண்டு தடவைதான் மலம் போகிறது. போகும்போதும் முக்கி முக்கிப் பாதிதான் வருகிறது. என்ன காரணம்? காலம் முழுக்க மாத்திரை போடாமல் இதைச் சரிசெய்ய முடியுமா?"

பெரும்பாலானவர்களுக்கு முடியும். ஆனால் மலச்சிக்கல் என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது மூன்று வேறு வேறு கோளாறுகள் இருக்கின்றன. மலம் காய்ந்து கெட்டியாவது ஒன்று. பெருங்குடல் மெதுவாக நகர்த்துவது இன்னொன்று. மலம் ஆசனவாய் வரை வந்தும் தசை விரிந்து வழிவிடாதது மூன்றாவது. முதல் வகைக்கு நன்றாக வேலை செய்யும் நார்ச்சத்து, மற்ற இரண்டிலும் பலருக்கு வயிற்று உப்புசத்தைக் கூட்டுவதோடு நின்றுவிடும். "எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், ஒன்றும் கேட்கவில்லை" என்பவர்களில் நிறையப் பேர், தங்களுக்கு இருக்கும் வகைக்குப் பொருந்தாத வைத்தியத்தைத்தான் மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்பார்கள். அதனால் முதலில் வகையைக் கண்டுபிடிப்போம்.

தினமும் போயே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை முதல் வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே இயல்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் போனாலும் சிரமமில்லாமல், மெத்தென்று, முழுதாகப் போய்விட்டால் அது மலச்சிக்கல் அல்ல. தினமும் போகிறவருக்கும் மலச்சிக்கல் இருக்கலாம். நாலில் ஒரு தடவைக்கு மேல் முக்க வேண்டியிருக்கிறது, உருண்டை உருண்டையாகக் கெட்டியாக வருகிறது, போய்விட்டு எழுந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் இருக்கிறது, ஏதோ அடைத்துக்கொண்டிருப்பதுபோல் தோன்றுகிறது, விரலால் அழுத்தியோ எடுத்தோ உதவ வேண்டியிருக்கிறது, வாரத்தில் மூன்று தடவைக்கும் குறைவாகப் போகிறது. இவற்றில் ஏதாவது இரண்டு சில மாதங்களாகத் தொடர்ந்தால் அதை நாள்பட்ட மலச்சிக்கல் என்று மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை என்பதைவிட மலத்தின் வடிவம்தான் அதிகம் சொல்லும். பிரிஸ்டல் அளவுகோல் என்று ஒன்று உண்டு. முதல் வகை, கொட்டைபோலத் தனித்தனி உருண்டைகள். இரண்டாவது, உருண்டைகள் ஒட்டிக்கொண்டு கட்டியாக வருவது. மூன்றாவது, மேலே லேசான வெடிப்புகளோடு நீளமாக வருவது. நான்காவது, வழவழப்பாக, மென்மையாக, நீளமாக வருவது. ஐந்து, ஆறு, ஏழு படிப்படியாக இளகிக்கொண்டே போய்த் தண்ணீராகிவிடும். மூன்றும் நான்கும்தான் நமக்கு வேண்டியவை. இரண்டு வாரத்துக்கு ஒரு தாளில் தேதி, வகை எண், முக்கினீர்களா இல்லையா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் போனால் அந்த ஒரு தாள் அரை மணி நேர விளக்கத்தை மிச்சப்படுத்தும்.

உள்ளே என்ன நடக்கிறது

சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் கூழ் வந்து சேருகிறது. அதிலிருக்கும் தண்ணீரில் பெரும்பகுதியைப் பெருங்குடல் உறிஞ்சிக்கொள்ள, கடைசியில் 100 முதல் 200 மில்லி அளவு நீர்தான் மலத்தோடு வெளியேறுகிறது. மலம் எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவுக்குக் காயும். மெதுவாக நகர்வதும் கெட்டியாவதும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருவது இதனால்தான்.

பெருங்குடல் நாள் முழுக்க ஒரே மாதிரி தள்ளுவதில்லை. ஒரு நாளில் சில தடவைதான் பலமான அலைபோன்ற சுருக்கம் வந்து மலத்தை மொத்தமாக மலக்குடலுக்குள் தள்ளும். தூங்கி எழுந்த பிறகும், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இந்தச் சுருக்கம் வருவது அதிகம். மலக்குடல் நிறைந்ததும் உந்துதல் வரும். அப்போது போகாமல் அடக்கினால் மலக்குடல் தளர்ந்து கொடுக்கும், உந்துதல் அடங்கிவிடும். மலம் அங்கேயே தங்கிக் காயும். "அப்புறம் போய்க்கொள்ளலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மலக்குடலின் உணர்வே மந்தமாகும். பெரிய அளவில் சேர்ந்தால்தான் உந்துதல் வரும் நிலைக்குப் போய்விடும். வேலையிடத்துக் கழிவறை பிடிக்காமல் அடக்குபவர்கள், விடிந்ததும் வண்டியைப் பிடிக்க ஓடுபவர்கள், நீண்ட தூரம் வாகனம் ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு ஆரம்பம் பெரும்பாலும் இதுதான்.

ஆசனவாய்ப் பக்கமும் ஒரு நுட்பம் இருக்கிறது. மலக்குடலைப் பின்னாலிருந்து வளைத்துப் பிடித்து, முன்பக்கம் இழுத்து வைத்திருக்கும் ஒரு தசை உண்டு. அந்த மடிப்புதான் நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் மலம் கசியாமல் காக்கிறது. மலம் கழிக்கும்போது அந்தத் தசை தளர்ந்து, மடிப்பு நிமிர்ந்து, பாதை நேராக வேண்டும். குந்தி உட்காரும்போது தொடை வயிற்றை நெருங்குவதால் பாதை இன்னும் நன்றாக நேராகிறது. சிலருக்கோ முக்கும்போது இந்தத் தசை தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. ஒரு காலால் ஆக்சிலரேட்டரையும் மறு காலால் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பது மாதிரி. மலம் மெத்தென்று இருந்தாலும் வெளியே வராது.

உங்களுடையது எந்த வகை?

மலம் பிரிஸ்டல் அளவுகோலின் முதல் இரண்டு வகையாகவே வருகிறது, ஆனால் உந்துதல் ஒழுங்காக வருகிறது என்றால் காய்ந்த மலம்தான் பிரச்சினை. உணவும் மலத்தில் நீரைத் தேக்கும் மருந்தும் போதும்.

நான்கைந்து நாளானாலும் உந்துதலே வரவில்லை, வயிறு மட்டும் கனக்கிறது, நார்ச்சத்தைக் கூட்டினால் வயிறு ஊதிக்கொள்கிறது என்றால் பெருங்குடல் மெதுவாக இருக்கலாம். இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஒரு வாரம் மக்காச்சோளத்தைத் தொடாமல் இருந்து, ஒருவேளை உணவோடு கைப்பிடி அளவு வேகவைத்த சோளமணியைச் சாப்பிடுங்கள். அதன் தோல் செரிக்காது, மலத்தில் மஞ்சளாகத் தெரியும். சாப்பிட்டதிலிருந்து முதலில் தெரியும் வரை எத்தனை மணி நேரம் என்று குறியுங்கள். 12 மணியிலிருந்து மூன்று நாள் வரை சாதாரணம். நான்கைந்து நாள் ஆனால் நகர்வு மந்தம் என்று சந்தேகப்படலாம். இது தோராயமான சோதனைதான். மருத்துவமனையில் எக்ஸ்ரேயில் தெரியும் 24 சிறு வளையங்கள் கொண்ட ஒரு கேப்சூலை விழுங்கச் சொல்லி, ஐந்தாம் நாள் படம் எடுப்பார்கள். ஐந்துக்கு மேல் உள்ளேயே தங்கியிருந்தால் நகர்வு மந்தம் என்று கணக்கு.

மூன்றாவது கோளாறான, தசை வழிவிடாத வகையின் அடையாளம் தெளிவானது: மலம் இளகியிருக்கும்போதுகூட நெடுநேரம் முக்க வேண்டியிருக்கும். பேதி மருந்து சாப்பிட்ட அன்றும் முழுதாகப் போன திருப்தி இருக்காது. விரல் உதவி தேவைப்படும். பெண்கள் சிலருக்குப் பிறப்புறுப்பின் பின்சுவரை விரலால் அழுத்தினால்தான் வெளியேறும். பிரசவத்துக்குப் பிறகு மலக்குடல் முன்பக்கமாகப் பிதுங்கியிருப்பதுதான் அதற்குப் பெரும்பாலும் காரணம். இதைச் சொல்லக் கூச்சப்பட்டுப் பத்து வருடம் நார்ச்சத்துப் பொடியையே குடித்துக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். விரல் பரிசோதனையில் தசை தளர்கிறதா இறுகுகிறதா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். உறுதிப்படுத்த, 50 மில்லி தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை மலக்குடலுக்குள் வைத்து வெளியேற்றச் சொல்வார்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடியவில்லை என்றால் வெளியேற்றத்தில்தான் கோளாறு. இதற்குச் சரியான வைத்தியம் பயோஃபீட்பேக் என்ற தசைப் பயிற்சி. வயிற்றால் தள்ளும்போது ஆசனவாயைத் தளர்த்துவது எப்படி என்று, திரையில் தசையின் அழுத்தத்தைக் காட்டியே பழக்குவார்கள். மருந்தால் மாறாத பலருக்கு இதில் நல்ல முன்னேற்றம் கிடைக்கிறது.

இரண்டு வகை கலந்தும் வரும். அப்படியிருந்தால் வெளியேற்றக் கோளாறை முதலில் சரிசெய்வதுதான் முறை. மலம் வெளியேறாமல் தேங்குவதே மேலே நகர்வை மந்தமாக்குவது உண்டு.

மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள்

மலச்சிக்கல் எப்போது ஆரம்பித்தது என்று யோசியுங்கள். அதற்கு முந்தைய ஓரிரு மாதத்தில் புதிதாக ஏதாவது மருந்து தொடங்கினீர்களா? இந்தக் கேள்வியைத்தான் பலர் கேட்டுக்கொள்வதே இல்லை. டிரமடால், கோடீன், மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் குடலின் அசைவையே தளரவைக்கும். இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அலுமினியம் அல்லது கால்சியம் கலந்த அசிடிட்டி மருந்துகள், வெராபமில் என்ற இரத்த அழுத்த மருந்து, அமிட்ரிப்டிலின், தூக்கம் வரவைக்கும் பழைய தலைமுறை அலர்ஜி மாத்திரைகள், அடிக்கடி சிறுநீர் போவதற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், வாந்திக்குத் தரும் ஆன்டான்செட்ரான், எடை குறையவும் சர்க்கரைக்கும் போடும் செமாகுளுடைடு, மனநல மருந்துகளில் குறிப்பாகக் குளோசபின் எல்லாம் மலத்தைக் கட்டும். குளோசபின் சாப்பிடுபவருக்கு மலச்சிக்கல் வந்தால் அலட்சியமே கூடாது. குடல் அடைப்பு வரை போகக்கூடியது. எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து இருக்கிறதா, இரும்புச்சத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா, வலி மருந்தோடு மலமிளக்கியையும் சேர்த்தே தொடங்கலாமா என்று கேளுங்கள்.

நோய்களில் முதலில் பார்க்க வேண்டியது தைராய்டு சுரப்பு குறைவு. களைப்பு, குளிர் தாங்காமை, எடை கூடுதல், முடி உதிர்தலோடு மலச்சிக்கலும் சேர்ந்திருந்தால் டிஎஸ்ஹெச் இரத்தப் பரிசோதனை ஒன்று எடுத்துவிடுவது நல்லது. நெடுநாள் சர்க்கரை நோய், இரத்தத்தில் கால்சியம் கூடுவது, பொட்டாசியம் குறைவது ஆகியவையும் காரணமாகும். பார்க்கின்சன் நோயில் கை நடுக்கம் வருவதற்குப் பல வருடம் முன்பே மலச்சிக்கல் தொடங்குவது உண்டு. ஆனால் மலச்சிக்கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு இப்படி எந்த நோயும் இருக்காது. அந்தப் பயம் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, இரத்தசோகை, 45–50 வயதுக்கு மேல் புதிதாக மாறிய மலப்பழக்கம், நெருங்கிய உறவினருக்குக் குடல் புற்றுநோய் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையா என்று கேட்க வேண்டும். வயிறு ஊதி, வாந்தி எடுத்து, வாயுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். பேதி மருந்து கொடுக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். மலச்சிக்கலோடு கால் பலவீனம், தொடையிடுக்கு மரத்துப்போதல், சிறுநீர் வராமை சேர்ந்து வந்தால் முதுகுத்தண்டு நரம்பு நசுங்கியிருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

உட்காரும் முறையும் நேரமும்

செலவில்லாத இந்த இரண்டையும் சரிசெய்யாமல் மருந்துக்குப் போவது வீண். காலை உணவு முடிந்து 15 முதல் 45 நிமிடத்துக்குள் கழிவறைக்குப் போங்கள், உந்துதல் லேசாக இருந்தாலும். காலை உணவைத் தவிர்ப்பவர்கள் குடலின் மிகப் பலமான அலையையே கைவிடுகிறார்கள். சூடான காபி சிலருக்கு அந்த அலையைத் தூண்டும். உங்களுக்கு அது வேலை செய்தால் நல்லதுதான்.

மேற்கத்தியக் கழிப்பறையில் உட்காருகிறீர்கள் என்றால் பாதத்துக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரமுள்ள பலகை வையுங்கள். முழங்கால் இடுப்பைவிட உயரமாக வர வேண்டும். முதுகை நேராக வைத்தபடி முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடைமேல் ஊன்றுங்கள். இனி தள்ளும் விதம். இடுப்பின் இரு பக்கமும் கை வைத்து ஒருமுறை இருமிப் பாருங்கள். இடுப்பு பக்கவாட்டில் விரிவது கையில் தெரியும். இருமாமல் அதே விரிவை வயிற்றால் கொண்டுவர வேண்டும். வயிறு உள்ளே போகக் கூடாது, முன்னால் வர வேண்டும். வாயை லேசாகத் திறந்து மூச்சை விட்டபடி, ஆசனவாய் கீழே இறங்கி விரிவதாக நினைத்துத் தளர்த்துங்கள். மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, முகம் சிவக்க முக்கும்போது பெரும்பாலும் கீழே தசையும் சேர்ந்து இறுகுகிறது.

ஐந்து, அதிகம் போனால் பத்து நிமிடம். வரவில்லை என்றால் எழுந்துவிடுங்கள், அடுத்த உந்துதலுக்கு வரலாம். ஃபோனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள். அரை மணி நேரம் உட்கார்ந்தே இருந்தால் ஆசனவாயின் இரத்தக்குழாய்கள் வீங்கி மூலம் வரும் வாய்ப்புதான் கூடும்.

நார்ச்சத்து: எவ்வளவு, எப்படி

பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் வேண்டும். "நான் நிறையச் சாப்பிடுகிறேன்" என்பவர்கள் ஒருநாள் கணக்குப் போட்டால் பெரும்பாலும் பாதிதான் தேறும். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் 4 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 7 கிராமுக்கு மேல். ஓட்ஸ் 100 கிராமில் சுமார் 10 கிராம். தட்டில் ஓரமாக வைக்கும் நாலு வெள்ளரித் துண்டில் ஒரு கிராம்கூட இருக்காது. பழச்சாறாகப் பிழிந்தால் நார் சக்கையோடு போய்விடும்.

குறைவாக இருந்தால் ஒரே நாளில் ஏற்றாதீர்கள். குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். வயிறு ஊதி, மூன்றாம் நாளே விட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள். பொடியாக எடுப்பதென்றால் இசப்கோல்தான் முதல் தேர்வு. அது நீரைப் பிடித்துக் கூழாகி, அதிகம் புளிக்காமல் கடைசிவரை மலத்தோடு வரும். ஒரு தேக்கரண்டியில் தொடங்கி, வாரம் ஒருமுறை கூட்டி, நாளுக்கு 10 கிராம் வரை போகலாம். 250 மில்லி தண்ணீரில் கலக்கியதும் குடித்துவிட வேண்டும். நின்றால் கெட்டிக் கூழாகித் தொண்டையில் இறங்காது. அதன்மேல் இன்னொரு தம்ளர் தண்ணீர். உலர்ந்த பொடியை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கவே கூடாது, உணவுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். விழுங்கச் சிரமப்படுபவர்களுக்கும் குடல் குறுகலாக உள்ளவர்களுக்கும் இது ஆகாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். பலன் தெரிய நாலு வாரம் கொடுங்கள். நாலு வாரம் சரியான அளவில் எடுத்தும் மாற்றமில்லை, உப்புசம்தான் மிச்சம் என்றால் உங்களுக்கு நார்ச்சத்துக் குறைவு காரணமல்ல. அப்போது கூட்டுவதை நிறுத்துங்கள்.

உணவாகவே எடுக்க விரும்புபவர்களுக்கு இரண்டு பழங்களை நம்பிக்கையோடு சொல்லலாம். ஒன்று உலர்ந்த பிளம்: காலை 50 கிராம், மாலை 50 கிராம். அதிலுள்ள சார்பிடால் என்ற சர்க்கரை குடலில் முழுதாக உறிஞ்சப்படாமல் நீரைப் பிடித்து வைக்கிறது. இன்னொன்று பச்சைக் கிவி, நாளுக்கு இரண்டு. கிவியில் வாயுத் தொல்லை குறைவு.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. தேவையான அளவு குடிப்பவர் இன்னும் இரண்டு லிட்டர் கூட்டினால் மலம் இளகாது; அது சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீராகப் போய்விடும். குறைவாகக் குடிப்பவருக்கும், நார்ச்சத்தைக் கூட்டுபவருக்கும்தான் தண்ணீர் உதவும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நடைப்பயிற்சியும் அப்படித்தான்: அசையாமல் கிடப்பவருக்குப் பெரிய பலன், ஏற்கெனவே நடப்பவருக்குச் சிறிய பலன்.

மலமிளக்கிகள்

நார்ச்சத்து போதவில்லை என்றால் அடுத்த படி, மலத்தில் நீரைத் தேக்கிவைக்கும் மருந்துகள். இவற்றில் பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளுக்குத்தான் சான்று பலமாக இருக்கிறது. பெரியவர்களுக்கு 17 கிராம், ஒரு தம்ளர் தண்ணீரில் கரைத்து நாளுக்கு ஒருமுறை. ஒன்று முதல் மூன்று நாளில் வேலை தொடங்கும். பலர் இதை அன்று இரவே பேதியாகும் என்று எதிர்பார்த்து, மறுநாள் "பலிக்கவில்லை" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தினமும் எடுத்து, நான்காம் வகை மலம் வரும்வரை அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ய வேண்டும். லாக்டுலோஸ் 15 முதல் 30 மில்லி எடுக்கலாம். அதுவும் ஒன்றிரண்டு நாள் எடுத்துக்கொள்ளும், வாயு அதிகம். மெக்னீசியம் ஹைட்ராக்சைடு சில மணி நேரத்தில் வேலை செய்யும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது, மெக்னீசியம் இரத்தத்தில் தேங்கிவிடும்.

அடுத்தது குடலைத் தூண்டிச் சுருங்கவைப்பவை: பிசாகோடைல், நிலாவரை, சோடியம் பிக்கோசல்ஃபேட். பிசாகோடைல் 5 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் 10. இரவு படுக்கப் போகும்போது போட்டால் 6 முதல் 12 மணி நேரத்தில், அதாவது காலையில் வேலை செய்யும். அந்த மாத்திரையை உடைக்கவோ மெல்லவோ கூடாது. பாலோடும் அசிடிட்டி மருந்தோடும் சேர்த்துப் போடவும் கூடாது. அதன் மேல்பூச்சு இரைப்பையிலேயே கரைந்துவிட்டால் வயிற்றைப் பிசையும். பூச்சு குடலில்தான் கரைய வேண்டும். மலம் மலக்குடல்வரை வந்து நிற்பதற்கு, ஆசனவாய் வழியே உள்ளே வைக்கும் மருந்தான சப்போசிட்டரி நல்லது. பிசாகோடைல் சப்போசிட்டரி 15 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பலன் தரும். அதை மலக் கட்டிக்குள் குத்தி வைத்தால் பயனில்லை. மலக்குடல் சுவரை ஒட்டி வைக்க வேண்டும்.

"இந்த மாத்திரைகள் குடலைச் சோம்பலாக்கிவிடும்" என்ற பயம் மிகப் பரவலானது. சொன்ன அளவில் எடுத்தால் குடல் நரம்புகள் கெட்டுப்போகும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. நிலாவரையால் குடலின் உட்சுவர் கறுப்பது உண்மை. அது தீங்கில்லாதது, நிறுத்தினால் மெல்ல மறையும். தொல்லை வருவது அளவு மீறும்போதுதான்: வாரக்கணக்கில் பேதியாகப் போனால் பொட்டாசியம் குறையும். பழக்கம் உருவாகும் வழி வேறு. ஒருவர் பலமான பேதி மருந்து எடுக்கிறார், குடல் முழுக்கக் காலியாகிறது. மறுபடி நிறைய இரண்டு மூன்று நாள் ஆவது இயற்கை. அவரோ மறுநாளே "போகவில்லை" என்று பயந்து மறுபடி எடுக்கிறார். குடலுக்கு நிறையவே நேரம் கிடைப்பதில்லை. பேதிக்குப் பிறகு மூன்று நாள் பொறுங்கள்.

விளக்கெண்ணெயைப் பழக்கமாக்க வேண்டாம். வயிற்றை முறுக்கிப் பேதியாக்கும், ஒழுங்கைக் கொண்டுவராது. கர்ப்பிணிகள் அறவே தவிர்க்க வேண்டும். லிக்விட் பாரஃபின் முதியோருக்கும், படுக்கையில் இருப்பவர்களுக்கும், சின்னக் குழந்தைகளுக்கும் ஆகாது. மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் அழற்சி வரும். பாஸ்பேட் எனிமாவை முதியோரும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. "மலம் தேங்கினால் விஷம் இரத்தத்தில் ஏறும்" என்று சொல்லி விற்கப்படும் குடல் சுத்திகரிப்புகளுக்கு அடிப்படையே இல்லை.

இதற்கெல்லாம் கேட்காதவர்களுக்கு மருத்துவர் சீட்டோடு லினக்ளோடைடு, லூபிப்ரோஸ்டோன், புருகலோப்ரைடு போன்றவை இருக்கின்றன. அதுவரை போவதற்கு முன் மேலே சொன்ன வெளியேற்றக் கோளாறு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பேதிபோல் தெரியும் மலச்சிக்கல்

படுக்கையில் இருக்கும் முதியவருக்குப் பத்து நாளாகச் சரியாகப் போகவில்லை. திடீரென்று தண்ணீராக, கொஞ்சம் கொஞ்சமாக, அவர் அறியாமலே துணியில் படுகிறது. வீட்டில் உள்ளவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து லோபராமைடு கொடுக்கிறார்கள். நிலைமை மோசமாகிறது. உண்மையில் மலக்குடலில் ஒரு கெட்டிக் கட்டி அடைத்து நிற்கிறது. மேலேயிருந்து வரும் நீர்த்த மலம் அதன் ஓரமாகக் கசிகிறது. பசியின்மை, அமைதியின்மை, மனக்குழப்பம், சிறுநீர் அடைப்புகூட இதனால் வரும். விரல் பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். கட்டியை முதலில் வெளியேற்ற வேண்டும்: சப்போசிட்டரி, எனிமா, அல்லது அதிக அளவு பாலிஎத்திலீன் கிளைக்கால், மருத்துவர் மேற்பார்வையில். இந்த நேரத்தில் நார்ச்சத்துப் பொடி கொடுத்தால் அடைப்பின்மேல் இன்னும் சேரும். கட்டி போன அடுத்த நாளிலிருந்தே தினசரி மலமிளக்கியைத் தொடங்காவிட்டால் சில வாரத்தில் திரும்பவும் வரும்.

குழந்தைகள், கர்ப்பிணிகள்

தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தை ஒரு மாதத்துக்குப் பிறகு ஒரு வாரம்கூடப் போகாமல் இருக்கலாம். நன்றாகப் பால் குடித்து, எடை கூடி, போகும்போது இளகலாகப் போனால் கவலை வேண்டாம். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகவில்லை என்றால் மட்டும் உடனே பார்க்க வேண்டும். பெருங்குடலின் ஒரு பகுதியில் நரம்பணுக்களே இல்லாமல் பிறக்கும் நோய் ஒன்று உண்டு.

இரண்டு மூன்று வயதில் கதை வேறு. ஒருநாள் கெட்டியாகப் போய் வலிக்கிறது. குழந்தை பயந்து அடக்குகிறது. கால்களை இறுக்கி, நுனிக்காலில் நின்று, சுவரோரம் ஒதுங்கி, முகம் சிவக்கும். பெற்றோர் "பாவம், முக்குகிறது" என்று நினைப்பார்கள். உண்மையில் அது அடக்குகிறது. திட்டுவதோ கட்டாயமாக உட்காரவைப்பதோ பயத்தைக் கூட்டும். வலி என்ற நினைவே மறக்கும்வரை மலம் மெத்தென்று போக வேண்டும். அதற்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 0.4 முதல் 0.8 கிராம் என்ற அளவில், குழந்தை மருத்துவர் சொன்னபடி, குறைந்தது இரண்டு மாதம். ஒரு வாரத்தில் சரியானதும் நிறுத்துவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சாப்பிட்டபின் ஐந்து நிமிடம், பாதம் ஊன்றும்படி பலகை வைத்து உட்காரவையுங்கள். போனால் மட்டுமல்ல, உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள்.

கர்ப்பத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோன் குடலைத் தளர்த்துகிறது, இரும்பு மாத்திரையும் சேர்கிறது. இசப்கோலும் லாக்டுலோஸும் பொதுவாகப் பாதுகாப்பானவை. மற்றவற்றை மகப்பேறு மருத்துவரைக் கேட்டு எடுங்கள்.

பெரியவர்களுக்கும் வலிதான் சில நேரம் காரணமாகிவிடும். ஆசனவாயில் வெடிப்பு இருந்தால் போகும்போது கண்ணாடி கீறுவதுபோல் வலிக்கும், சில சொட்டு இரத்தம் வரும். அந்தப் பயத்திலேயே அடக்குவார்கள், மலம் இன்னும் கெட்டியாகி வெடிப்பு ஆறாது. மலத்தை இளக்குவதோடு, வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் உட்காருவது தசை இறுக்கத்தைக் குறைக்கும். ஆறு வாரத்துக்கு மேல் ஆறவில்லை என்றால் தசையைத் தளர்த்தும் களிம்புகள் உண்டு.

மருந்தை நிறுத்துவது எப்படி

கேள்வியின் கடைசிப் பகுதி இது. நான்காம் வகை மலம், முக்காமல், தொடர்ந்து ஒரு மாதமாவது வந்த பிறகே குறைக்கத் தொடங்குங்கள். காலை உணவு, உட்காரும் நேரம், பலகை, நார்ச்சத்து எல்லாம் அப்படியே இருக்கட்டும். பாலிஎத்திலீன் கிளைக்கால் 17 கிராமை இரண்டு வாரத்துக்குப் பாதியாக்குங்கள். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் பாதி, இன்னும் இரண்டு வாரம். பிறகு நிறுத்திப் பாருங்கள். எந்தப் படியிலாவது மலம் இரண்டாம் வகைக்குத் திரும்பினால் முந்தைய அளவுக்கே போய், அங்கே ஒரு மாதம் இருங்கள். இரண்டு தடவை முயன்றும் குறைந்த அளவு ஒன்று தேவைப்பட்டுக்கொண்டே இருந்தால், மருத்துவர் கண்காணிப்பில் அந்த அளவிலேயே தொடரலாம். முக்கி முக்கி மூலத்தையும் வெடிப்பையும் வரவழைத்துக்கொள்வதைவிட அது எவ்வளவோ பாதுகாப்பானது.